பொட்டின் உயரம்

குதிகாலை உயர்த்தினாள். போதவில்லை.

கால்விரல்களை ஊன்றி இன்னும் எம்பினாள்.

குளியலறைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அரக்கு நிறப் பொட்டு, இப்போது அவள் நெற்றியில் வந்து உட்கார்ந்தது.

அக்காவின் பொட்டு. அக்கா செவ்வந்திக்குப் பதினேழு வயது. இவளுக்குப் பதினான்கு.

தினமும் காலையில் அக்கா கதவைத் தாழிடுவாள். வாளியில் தண்ணீரைத் திறந்துவிடுவாள். கண்ணாடிப் பொட்டில் நெற்றியைப் பொருத்திக்கொண்டு பேசுவாள்.

“செவ்வந்தி, நேத்து சொதப்பிட்ட. பரவாயில்ல. இன்னிக்குப் பாத்துக்கலாம்.”

குழாய்ச் சத்தத்தையும் மீறி வெளியே கேட்கும். துண்டோடு காத்து நிற்பவளுக்கு வயிறு எரியும்.

பள்ளியில் அக்காவைப் பாராட்ட டீச்சர்கள். வீட்டில் அப்பா. போதாததற்கு அவளே வேறு.

இவளிடம் யாரும் பரவாயில்லை என்று சொன்னதில்லை.

ஒருநாள் பொட்டைச் சுரண்டி எறிந்தாள். மறுநாள் அதே இடத்தில் புதியது இருந்தது.

போன ஞாயிறு, அத்தை வீட்டார் சாப்பிட வந்திருந்தபோது போட்டு உடைத்தாள்.

“அக்கா பாத்ரூம்ல தனியா பேசுறா. அவளுக்கு அவளே சபாஷ் போட்டுக்குறா.”

“யார்கிட்டடி பேசுற, வரப்போற மாப்பிள்ளகிட்டயா?” என்றாள் அத்தை. வீடே சிரித்தது.

அக்காவும் சிரித்தாள். கை கழுவும்போது மட்டும் இவள் காதருகே குனிந்தாள்.

“உனக்கும் வேணும்னா நீயே சொல்லிக்கடி. யாரும் வந்து சொல்ல மாட்டாங்க.”

இன்று அக்கா கைப்பந்துப் போட்டிக்கு வெளியூர் போயிருந்தாள்.

எம்பி நின்றபடி வாயைத் திறந்தாள். தன் பெயர் வரவில்லை. கூச்சமாக இருந்தது.

“செவ்வந்தி” என்றுதான் வந்தது.

கெண்டைக்கால் இழுத்தது. குதிகால் இறங்கியது. பொட்டு அவள் தலைக்கு மேலே போய்விட்டது.

*

ஐப்பசியில் அக்காவுக்குக் காய்ச்சல். ஆறு நாள் ஆஸ்பத்திரி. ஏழாம் நாள் வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள்.

மாலையோடு வந்தவர்கள் எல்லாரும் அக்காவைப் பற்றியே பேசினார்கள். எவ்வளவு கெட்டிக்காரி. எவ்வளவு தைரியம்.

மூலையில் உட்கார்ந்திருந்தவளுக்கு அப்போதும் வயிறு எரிந்தது.

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

*

அம்மா வாராவாரம் கண்ணாடியைத் துடைக்கிறாள். பொட்டைச் சுற்றி மட்டும்.

கல்லூரியின் முதல் நாள். இவளுக்குப் பதினெட்டு ஆகியிருந்தது. தாழிட்டாள். தண்ணீரைத் திறந்தாள். நிமிர்ந்தாள்.

குதிகால் தரையில்தான் இருந்தது.

பொட்டு அவள் மூக்கின்மேல் இருந்தது.

வாளி நிரம்பி வழிந்தது.

முழங்காலைக் கொஞ்சம் மடக்கினாள். இன்னும் கொஞ்சம்.

பொட்டு நெற்றிக்கு வந்ததும், தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.