தலை நுழையும் கழுத்து

இறப்பதற்கு முந்தைய நாள் மத்தியானம் என் மனைவி கனி தன் மூன்று வேலைகளையும் சுற்றிப் பரப்பி உட்கார்ந்திருக்கிறாள். ராட்டையில் பாதி நூற்ற நூல், முறத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தையின் குல்லாய், மடியில் பட்டாளத்திலிருக்கும் தன் தம்பி வேல்ச்சாமியின் ஸ்வெட்டர். சாயங்கால பஸ்ஸில் அவன் காஷ்மீருக்குக் கிளம்புகிறான். கை வியர்த்துக் கம்பளி ஊசியில் ஒட்டினால் அவள் ராட்டைக்கு மாறுவாள். நூற்றுவிட்டு வந்த விரல்களோ கம்பளியையும் இறுக்கிவிடும். அப்படித்தான் நேற்று ஸ்வெட்டரின் கழுத்து சிறுத்து, அவன் தலை நுழையாமல் போனது. இன்று பிரித்துப் பின்னுகிறாள். கூரையின் கண்ணாடி ஓட்டு வழியே வெயில் அவள் மணிக்கட்டில் விழுகிறது. பக்கத்து விசைத்தறிகள் கரண்ட் போய் நின்றதில் ஊசிகள் உரசுவது கேட்கிறது. கடைசி இழையை முடிந்து அறுக்கிறாள். “இப்பயும் தலை போகலேன்னா தலகாணிக்குத்தேன் மாட்டணும்க்கா,” என்கிறான் வேல்ச்சாமி. “ஒந் தலகனத்துக்கு நா என்னலே செய்ய? கையத் தூக்கு.” அவன் முகம் கம்பளிக்குள் மறைகிறது, காது மாட்டுகிறது, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறாள். தலை வெளியே வருகிறது. “அப்பாடா!” என்று சுவரில் சாய்ந்து, கால் நீட்டிச் சிரிக்கிறாள். மறுநாள் காலை அவள் எழவில்லை. அந்தக் கழுத்துக் கவலையாவது தீர்ந்து போனாளே என்பது எனக்கு ஆறுதல். வேல்ச்சாமிக்கு இப்போது தொப்பை விழுந்துவிட்டது, ஸ்வெட்டர் வயிற்றில் இறங்குவதில்லை. கழுத்து மட்டும் இன்றும் அவன் தலைக்குச் சரியாக இருக்கிறது.