ஃப்ரிட்ஜின் உறுமல்

இசைக்கலைஞன் லூசியனைப் பாரிஸ் முழுக்கப் பிரபலமாக்கியது அவன் வீட்டு ஃப்ரிட்ஜின் உறுமல். அதைப் பதிவுசெய்து, வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு நடன இசையாக்கினான். பிறகு அதே ஃப்ரிட்ஜை நாயகனாக்கிப் படமெடுத்தான். அது ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைந்து உறுமும். அவ்வளவுதான். ஏன் என்று படத்தில் யாரும் கேட்கமாட்டார்கள்.

படத்தின் முதல் திரையிடலில் உறுமலைக் காணோம். அந்த இடத்தில் வயலின் அழுதது. போதாததற்கு ஒரு குரல், ஃப்ரிட்ஜின் நிறைவேறாத காதலை விளக்கியது. தயாரிப்பாளர் பெர்னார் லூசியனுக்குத் தெரியாமல் செய்த வேலை. அரங்கமே மூக்கைச் சிந்தித் தொலைத்தது.

படம் முடிந்ததும் பெர்னார் மேடையேறினார். "ஜனங்களுக்குப் புரிய வேணாமா, லூசியன்?" என்றார் மைக்கில்.

வாசலில் விளம்பரத்துக்கு நிறுத்தியிருந்த அந்த ஃப்ரிட்ஜை லூசியன் மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். பிளக்கைச் செருகினான். அது உறுமியது. உள்ளிருந்த தட்டுகளை உருவி வீசிவிட்டுக் கதவைத் திறந்து பிடித்தான்.

"காதலாம், காதல்! உள்ள போயி அதுகிட்டயே விசாரிச்சுட்டு வாங்க சார்."

கூட்டம் கைதட்டியது. பெர்னார் சிரித்து, கும்பிட்டு, குனிந்து உள்ளே போனார். லூசியன் கதவைச் சாத்தி அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றான்.

கைதட்டல் ஓய்ந்தது. உறுமல் ஓயவில்லை. கதவு ஏன் இன்னும் திறக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.