இருபது கிராம் அரிசி

ஓர் உயிரைப் பத்திரமாக வீடு கொண்டுபோய்ச் சேர்க்கப் பதினோராயிரத்து அறுநூறு ரூபாய் என்றார் குழந்தைக்கான கார் சீட் விற்றவர். மளிகை வியாபாரி காளிராஜன் வாழ்க்கையில் முதன்முறையாகக் கேட்ட விலையைக் கொடுத்தார். பேரம் பேசினால் பிள்ளைக்கு ஆகாதோ என்று பயம்.

"ரெண்டு கிலோவுக்குக் கீழ உள்ள பிள்ளைய இதுல வைக்கக் கூடாது அண்ணாச்சி."

குறைமாதத்தில் பிறந்த மகளை, இரண்டு கிலோ ஆனால்தான் வீட்டுக்கு அனுப்புவேன் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். நேற்று ஆயிரத்து எண்ணூற்று அறுபது கிராம். ஆஸ்பத்திரி வாசலில் காரின் பின்சீட்டில் அந்தக் குழந்தை சீட்டை மாட்டி, மகளின் எடைக்கு அரிசி கட்டிக் கிடத்திப் பார்த்தார். வாரை முழுக்க இழுத்தும் இரண்டு விரல் இடைவெளி நின்றது. கைக்குட்டையை மடித்துச் செருகிவிட்டு மாடிக்கு ஓடினார்.

"இன்னைக்கு எவ்வளவும்மா?"

"ஆயிரத்தி எண்ணூத்தி நாப்பது" என்றாள் நர்ஸ், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"இறங்குதா? கொஞ்சம் கூட்டி எழுதும்மா."

"அண்ணாச்சி, இது என்ன புளியா?"

"புளின்னா உன்கிட்ட ஏன் கெஞ்சுறேன்?"

கீழே வந்து அரிசிப் பையைப் பிரித்தார். சரியாக இருபது கிராம் அள்ள அவர் கைக்குத் தராசு வேண்டாம். அள்ளிய அரிசியைக் கீழே போட மனமில்லாமல் மூடிய கையோடு நின்றார். நேற்றுப் பாக்கி நூற்று நாற்பது. இன்று நூற்று அறுபது.