பதினாறு பேருக்கு மயக்கம்

"ஐயோ, இன்னொருத்தியும் விழுந்துட்டா!"

மேடையில் முதலாளி மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். கம்பெனி ஆண்டுவிழா. அவர் பேச ஆரம்பித்து முழுசாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

முதலில் பேக்கிங்கில் இருக்கும் புதுப்பெண் சுருண்டு விழுந்தாள். அடுத்து சூப்பர்வைசர் 'சிடுமூஞ்சி'. அப்புறம் பொலபொலவென்று... மொத்தம் பதினாறு பேர்!

"தண்ணியில என்னமோ கலந்திருக்கு!"

"இல்லய்யா, கேஸ் கசியுது!"

ஆளாளுக்கு ஒன்றைக் கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள்.

கம்பெனி நர்ஸ் முதலில் புதுப்பெண்ணிடம் போனாள். முகம் வெளுத்து, கை சில்லிட்டுக் கிடந்தவள் மெல்லக் கண் திறந்தாள்.

"மூணு மாசம்கா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அடுத்த மாசம்தான் வேலை நிரந்தரமாகுது. போன தடவை மயங்கி விழுந்தவளுக்கு டெஸ்ட் எடுத்து, மாசமா இருக்கான்னு தெரிஞ்சதும் அன்னிக்கே நிறுத்திட்டாங்க..." அழுதுவிட்டாள்.

"வாயைத் திறக்காம படுத்துக்க."

மற்றவர்களுக்கு நாடி சீராகத்தான் இருந்தது. ஒவ்வொருத்தியும் அவள் காதில் ஏதோ முணுமுணுத்தாள். நர்ஸ் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவளிடம் நகர்ந்தாள்.

மானேஜர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "என்னம்மா கூத்து இது? ஒருத்தின்னா டெஸ்டுக்கு அனுப்பலாம். பதினாறு பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா கம்பெனி மானம் கப்பலேறிடும்!"

"புழுக்கம் சார். ஒருத்தி விழுந்ததும் பயத்துல மத்தவங்களும் விழுந்திருக்காங்க. வீட்டுக்கு அனுப்பினா சரியாயிடும்."

"அனுப்பித் தொலைங்க!"

கடைசியாகச் சிடுமூஞ்சி. இருபது வருஷத்தில் தலைவலி என்றுகூட வந்து நின்றதில்லை. பாத்ரூமில் ரெண்டு நிமிஷம் கூடிப்போனால் கடித்துக் குதறுகிற மனுஷி. இவளுக்குக்கூடவா மயக்கம்?

அவள் ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்தாள். "மானேஜர் போயிட்டானா? அந்தப் புள்ளைய டெஸ்டுக்கு அனுப்பிடலையே?"

"இல்லக்கா."

"அப்பாடா! ஒரு வாரமா அவ பாத்ரூம்ல வாந்தி எடுக்கிறது எனக்குத் தெரியாதா? தனியா விழுந்து கிடந்தா மாட்டிக்குவாளேன்னு நானும் சும்மா விழுந்தேன். வெளியில சொல்லிடாதே, அப்புறம் ஒருத்தியும் எனக்குப் பயப்பட மாட்டா. அது கிடக்கட்டும், மத்தவளுங்களுக்கு நிஜமாவே என்னம்மா? நல்லாப் பாரு, எனக்குப் பக்குனு இருக்கு."

நர்ஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"அந்தப் பதினாலு பேரும் இதையேதான் சொன்னாங்கக்கா. 'நான் மட்டும்தான் சும்மா விழுந்தேன், மத்தவங்களைக் கவனிங்க'ன்னு!"