மூன்று தரம்

அஜின்கோர்ட் மண்டபத்தில், புலம்பெயர்ந்து வந்தவர்களின் ஊர்ச்சங்க விழா. வேல்ஸ் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற மயூரியின் நூல் வெளியீடும் அன்றுதான். மேடைக்குப் பக்கத்தில் நின்றபடி, பழைய செயலாளர் தில்லையம்பலத்திடம் தன் உரையை உற்சாகமாகச் சொல்லிக்காட்டினாள்.

“ஆயிரத்து எழுநூற்றித் தொண்ணூற்றிரண்டில, லண்டனில இருந்த வேல்ஸ்காரர் ஒருத்தர் ஒரு சடங்கைத் தானே உண்டாக்கிப்போட்டு, ஆதிகாலத்துச் சடங்கு எண்டார், அங்கிள். இப்பவும் அங்க வாளைப் பிடிச்சுக்கொண்டு ‘சமாதானமோ?’ எண்டு மூண்டு தரம் கேக்கினம்.”

“கேட்டால் நல்லதுதானே, பிள்ளை?”

“புளுகெல்லோ! உப்பிடியான புளுகை நான் ஒரு பார்வையிலயே பிடிச்சிடுவன். எங்கட சடங்குதான் அசல். கூட்டம் தொடங்க முதல் ‘ஆருக்கும் கோவம் உண்டோ?’ எண்டு மூண்டு தரம் கேக்கிறது முந்நூறு வருசப் பழக்கம். முன்னோருக்கு ஒண்டு, எங்களுக்கு ஒண்டு, பிள்ளையளுக்கு ஒண்டு. ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறன்.”

“முந்நூறு வருசம் எண்டு ஆர் சொன்னது?”

“சங்கத்தின்ர பழைய மலரில கிடக்கு.”

தில்லையம்பலம் தொண்டையைச் செருமினார்.

“அந்த மலரை எழுதினது நான்தான், பிள்ளை. தொண்ணூற்றி நாலில இதே மண்டபத்தில தலைவர் பதவிக்கு அடிபாடு. கதிரையள் பறந்தது. சனத்தை அடக்க வேணுமெண்டு நான்தான் மேடையில ஏறி அப்பிடிக் கேட்டன். அடுத்த வருசமும் கேட்டன். பிறகு அதுவே சடங்காப் போச்சு.”

மயூரி மேசையில் அடுக்கியிருந்த இருநூறு புத்தகங்களையும் பார்த்தாள்.

“அப்ப… அந்த மூண்டு தரம்?”

“முதல் ரண்டு தரமும் மைக் வேலை செய்யேல்லை.”