காற்று குறைகிறது

"நான் சொன்னது காதுல வுழுந்துச்சா?" என்று வாசலில் நின்று கேட்டாள் அனு.

"உம்" என்றான் பிரபாகர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் மயிலாப்பூர் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

பழைய கம்ப்யூட்டரில் நாற்பது வருஷத்துக்கு முந்தைய சுரங்க விளையாட்டு. செத்தால் மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும். இன்றுதான் கடைசிச் சுரங்கம் வரை வந்திருந்தான்.

கரண்ட் போனது. இன்வெர்ட்டர் லோடு தாங்காமல் கத்தியது. சட்டென்று எட்டி, ஃபிரிட்ஜ் பாயிண்டில் இருந்த பிளக்கைப் பிடுங்கினான். கத்தல் அடங்கியது. ஆட்டம் தப்பியது.

திரையில் சுரங்கத் தொழிலாளிக்குக் காற்று குறைந்துகொண்டே வந்தது. பீப், பீப் என்று எச்சரிக்கை.

"இருடா, செத்துத் தொலைக்காத!" பல்லைக் கடித்துக்கொண்டு அவனை ஏணி ஏணியாகத் தாவவிட்டான். வெகுநேரப் போராட்டத்துக்குப் பிறகு ஆள் மேலே வந்து வெளிச்சத்தைப் பார்த்தான்.

"நைனா, ஜெயிச்சுட்டேன்!" உள்ளறையில் படுத்திருந்த அப்பாவுக்குக் கேட்கும்படி கூவினான். பதில் இல்லை.

பீப் சத்தம் மட்டும் நிற்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்தான். அப்போதும் நிற்கவில்லை. அது உள்ளறையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அனு சொல்லிவிட்டுப் போனது இப்போதுதான் அவன் காதில் விழுந்தது.

"மாமாவோட ஆக்ஸிஜன் மெஷினை ஃபிரிட்ஜ் பாயிண்ட்ல மாட்டிகீறேன். அதுல கை வெச்சுடாத."