எல்லோருக்கும் எரியும் பலகை

ஈரோட்டு ஜவுளி மாளிகையில் புதிய 'வெளியேறும் வழி' பலகைகள் கேமராவால் முகம் பார்த்து, வாடிக்கையாளர்களுக்கே முதலில் எரிந்தன; பலகை எரிந்தால்தான் கதவு திறக்கும். தீ ஒத்திகையின்போது, கடைசி வாடிக்கையாளர் வெளியேறும்வரை விற்பனைப் பெண்களுக்கு ஒரு பலகையும் ஒளிரவில்லை; கதவும் திறக்கவில்லை. பாதுகாப்பு அதிகாரி பரிமளாவும் அவர்களோடு உள்ளே நின்றாள்.

மறுநாளே அவள் அவற்றைக் கழற்றிவிட்டு, எல்லோருக்கும் எரியும் சாதாரணப் பச்சைப் பலகைகளை மாட்டினாள்.

"யாரைக் கேட்டு மாத்துனீங்கம்மா?" என்று கத்தினார் மேலாளர் தனபால்.

"யாரையும் கேக்கலீங்க சார். பலகையைத் தேர்வு பண்றது என் வேலைங்க."

"அந்த வேலையே போயிடும்."

"போகட்டுங்க. பலகை போகாது."

முகம் பார்க்கும் பலகைகளையே திரும்ப மாட்ட, தனபால் எலக்ட்ரீஷியனை வரவழைத்தார். அவன் ஏணியோடு வந்தபோது, ஒவ்வொரு பலகைக்கும் கீழே விற்பனைப் பெண்கள் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். ஏணியை ஊன்ற எங்கும் இடமில்லை.